மச்சானின் இடது கை

எங்கள் கல்யாண பேண்டில் பேஸ் கிட்டார் என்னுடையது. பெயர்தான் பெரிது. ரப்பர்த் தோட்டத்துக் கல்யாணங்களில் கனத்த கம்பிகளை மீட்டிக்கொண்டு ஓரமாக நிற்பேன். பாடகரைப் பாராட்டுவார்கள், டிரம்ஸைப் பாராட்டுவார்கள். என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பேண்டின் தலைவர் என் அக்காவைக் கட்டிய மச்சான். ஈப்போ பட்டணத்தில் ஓர் எலெக்ட்ரிக் ஆர்கன் வாங்கினார். வந்த நாளிலிருந்தே அவருடைய இடது கைக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. என் கிட்டார் வாசிக்க வேண்டிய கீழ்ச்சுரங்கள் முழுவதையும் அதுவே வாசித்தது.

"தாப்பா கல்யாணத்தோட ஒன் கிட்டார் போதும். அப்பறம் நீ சாமான் ஏத்த வந்தா போதும்லா" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்து, கை கழுவி, அந்தக் கிட்டாரைத் தொடும்போது மட்டும்தான் எனக்கு என்னைப் பிடிக்கும்.

அப்போது ஒரு புதுப் படப்பாட்டு வந்திருந்தது. மச்சானின் சின்ன கேசட் பெட்டியில் கேட்டுத்தான் எதையும் பழகுவோம். அந்தப் பாட்டில் ஒரு கிட்டார் 'வக்கா வக்கா' என்று கொத்தியது. பேட்டரி தீர்ந்துவிட்டதென்று மச்சான் பெட்டியைத் தட்டினார். பேட்டரி மாற்றியும் கொத்தியது. மெட்ராஸ் இசையமைப்பாளர் ஏதோ விளையாடியிருக்கிறார் என்று மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வாசித்தோம்.

படம் ஈப்போவுக்கு வந்ததும் தனியாகப் போனேன். பாட்டு தொடங்கியது, நாற்காலி அதிர்ந்தது. திரைக்குப் பின்னாலிருந்த பெரிய ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் வந்துகொண்டிருந்தது. பாட்டை அதுதான் நடத்தியது. திடீரென்று நின்றது. பாடுகிறவர் விழுந்துவிடுவார் என்று நான் பயந்த இடத்தில் வந்து தாங்கியது. ரெக்கார்டு கடையில் கறுப்பு அமெரிக்கர்களின் ஃபங்க் என்ற துள்ளல் இசையைக் கேட்டிருக்கிறேன், அந்த 'வக்கா வக்கா' அதில் உண்டு. ஜாஸ் என்றால் நைட் கிளப்பில் சீனர்கள் வாசிப்பது என்றிருந்தேன். இரண்டும் நம் பாட்டுக்குள் சொந்தக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பெட்டிகளில் இது கேட்காது என்று அந்த இசையமைப்பாளருக்குத் தெரியாதா? தெரிந்தும் இவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனிதர் என்று மலைத்துப்போனேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு பெண்மணி, "காசு குடுத்து வந்து கண்ண மூடிக்கிட்டு இருக்கீங்க" என்றார். அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்தேன்.

தாப்பாவில் தேவாலயக் கல்யாணம், அதை ஒட்டி மண்டபத்தில் டீ பார்ட்டி. அந்தப் பாட்டு வந்தபோது, யாரையும் கேட்காமல், தியேட்டரில் கேட்டதை வாசித்தேன். மச்சானின் இடது கை பழைய வழியில் போனது. இரண்டும் மோதின. பாடகர் திணறினார். மச்சான் முறைத்தார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அன்றோடு சரி. டிரம்ஸ்காரர் கொஞ்ச நேரம் என் விரல்களைப் பார்த்தார், பிறகு என் பக்கம் வந்துவிட்டார். கேக் தட்டோடு பேசிக்கொண்டிருந்தவர்களின் கால்கள் தட்டத் தொடங்கின.

மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அது அங்கேயே இருந்தது.

"இவ்ளோ நாளா இது எங்க இருந்துச்சு?"

"பாட்டுலதான் மச்சான்."

பார்ட்டி முடிந்து, லோரியில் ஆர்கனை ஏற்ற நான் குனிந்தபோது மச்சான் என் கையைத் தட்டிவிட்டார்.

"அத நான் ஏத்துறேன். நீ ஒன் கிட்டாரப் பாரு. அடுத்த கமுந்திங் கல்யாணத்துக்குப் பெரிய ஸ்பீக்கரா எடுத்துக்குவோம்லா."