துரையின் சீஸ் கத்திகள்

ஜப்பான்காரன் வருமுன் நான் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தேன். சீஸ் வெட்டவே அங்கே மூன்று கத்திகள். மெத்தென்ற சீஸ் ஒட்டாமலிருக்க ஓட்டை போட்ட கத்தி. கெட்டியானதைப் பெயர்க்கக் குட்டையான, தடித்த கத்தி. துண்டைக் குத்தி எடுக்க நுனி பிளந்த கத்தி. மாற்றி வைத்தால் துரையம்மா திட்டுவாள்.

சண்டை வந்ததும் துரை குடும்பம் காரில் ஓடிப்போனது. எங்களுக்கு ஒரு பிடி அரிசிகூட விட்டுப் போகவில்லை. ஜப்பான் சிப்பாய்கள் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் இருந்த பாராங் வெட்டுக்கத்தி, அரிவாள் எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். பங்களாவில் சீஸ் கத்திகளை மட்டும் விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிட்டார்கள். நான் எடுத்து வந்தேன். குட்டைக் கத்தி மரவள்ளிக் கிழங்குத் தோலை நெம்பி உரித்தது. அவித்த கிழங்கு ஓட்டைக் கத்தியில் ஒட்டவில்லை. பசியில் கால் வீங்கிக் கிடந்த என் மகளுக்கு அந்தக் கிழங்குதான் சாப்பாடு.

ஒரு மத்தியானம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வந்தார்.

"ஏய், துரை சாமான குடு. அவரு திரும்பி வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"புள்ள பசிக்குதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"இது சீஸ் வெட்டுற கத்தி. கிழங்கு வெட்டுனா கெட்டுப் போயிரும்லா."

கத்தியைக் கொடுக்காமல் கிழங்கை வெட்டி மகளுக்கு ஊட்டினேன். கிராணி போகவில்லை. அவர் கண் பானையிலேயே இருந்தது.

"ஒரு துண்டு குடு தங்கச்சி."

"துரை வருவாருல்ல கிராணியாரே, அவருகிட்ட கேளுங்க," என்றேன்.