நான்கு தறிக்குழிகளும் ஓர் அங்கீகாரமும்

குழந்தைகள் காப்பகத்துக்கு அங்கீகாரம் வாங்க அந்தக் காலத்தில் ஏழு தாள் வேண்டும். கட்டட உரிமம், பொறியாளரின் உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, வாடகை ஒப்பந்தம், வரைபடம், பணியாளரின் படிப்புச் சான்று, கடைசியாக ஆய்வாளரின் அறிக்கை. முதல் ஆறையும் எப்படியாவது கொண்டுவந்துவிடுவார்கள். ஏழாவதை என்னிடம்தான் வாங்கியாக வேண்டும். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் அந்த ஆய்வாளர் நான்தான். என்னை யாருக்கும் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஓர் அம்மாள் காப்பகம் நடத்திவந்தார். ஐம்பது வயதிருக்கும். எட்டாம் வகுப்புப் படிப்பு. குரல் தெருக்கோடி வரை போகும். வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் தன் தறிகளைச் செவிலிமேட்டில் கட்டிய புது வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதால் காலியான கூடம் அது. அந்தத் தெருவில் பெண்களும் தறியில் உட்கார்ந்தாக வேண்டும். புருஷன் சேலையின் உடலை நெய்தால், கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள மறுபக்கம் ஓர் ஆள் வேண்டுமே. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அது நடக்காது. ஆகவே காலையில் எல்லாக் குழந்தைகளும் இந்த அம்மாளிடம் வந்து சேரும்.

நான் முதல்முறை உள்ளே நுழைந்தபோது தரையில் எட்டுத் தலைகள் தெரிந்தன. நெசவாளி கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிகள் நான்கு அந்தக் கூடத்தில் மூடப்படாமல் இருந்தன. நடை பழகும் வயதுக் குழந்தைகளைக் குழிக்கு இரண்டாக, சாக்கு விரித்து உள்ளே நிறுத்தியிருந்தார். விளிம்பு மார்பளவு வந்தது. ஒன்று விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, மனு வாங்கும் குமாஸ்தா மாதிரி என்னைப் பார்த்தது.

"என்னம்மா இது?"

"கொழந்தைங்க."

"குழிக்குள்ளே எதற்கு நிற்கின்றன?"

"வெளிய வுட்டா எங்க போவும்னு உனக்கு இன்னா தெரியும் சார்? நா ஒருத்தி. அடுப்பப் பாக்கறதா, இதுங்க பின்னால ஓடறதா?"

"விழுந்தால்?"

"ஏற்கெனவே உள்ளதான நிக்குது. இன்னும் எங்க வுழும்?"

அந்தப் பதிலை எழுதப் படிவத்தில் இடமில்லை. பதினான்காம் கேள்வி: மூடப்படாத கிணறு, குழி, தொட்டி உண்டா? 'குழிகள் நான்கு' என்று எழுதினேன். பதினைந்தாம் கேள்வி: மணல் விளையாட்டிடம் உண்டா? 'இல்லை' என்று எழுதினேன். அடியில், பரிந்துரைக்கவில்லை.

அங்கீகாரம் இருந்தால்தான் பால் பவுடரும் கோதுமை ரவையும் வரும். அதுவரை அங்கே கேழ்வரகுக் கஞ்சிதான். "பால் பவுடருக்கோசரம்தான் உன் மூஞ்சியப் பாக்கறேன், இல்லன்னா யார் பாப்பா" என்று அந்த அம்மாள் சொன்னதையும் நான் அறிக்கையில் எழுதவில்லை. அதை என் பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன்.

ஒரு மாதத்தில் மறு ஆய்வு கேட்டு மனு வந்தது. போனேன். ஓரிக்கைப் பக்கத்திலிருந்து பாலாற்று மணல் இரண்டு வண்டி இறக்கி, நான்கு குழிகளையும் தரைமட்டம் வரை நிரப்பியிருந்தார். குழந்தைகள் மணலில் உட்கார்ந்து தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தன.

"பதினாலும் போச்சு, பதினஞ்சும் வந்துச்சு. எழுது சார்."

மறுப்புக்கான காரணங்களை அடுத்தடுத்து எழுதிக் கொடுத்தவன் நான்தான். எழுதினேன். அங்கீகாரம் வந்தது. பால் பவுடர் வந்தது.

இரண்டு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் போனேன். சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே, பழையபடி, தரையில் எட்டுத் தலைகள். மணல் முழுவதும் கொல்லையில் குவிந்து கிடந்தது.

"யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?"

"பெத்தவளுங்கதான் எடுத்தாளுங்க. கூடையில வாரி வாரி. நீ வேணா போய்க் கேளு."

விஷயம் இதுதான். குழி இல்லாததால் ஒரு குழந்தை தவழ்ந்து வாசல் தாண்டிவிட்டது. காலை நேரம், தறியில் ஏற்றப்போகும் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்துக் கட்டியிருந்தார்கள். குழந்தை அதில் ஒரு பிடி பட்டிழையைப் பற்றி இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சேர்க்க இரண்டு பேருக்கு ஒரு பகல் ஆயிற்றாம். பாவுக்காரர் அன்று பேசியதை அந்த அம்மாள் எனக்கு ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார், என்னைப் பார்த்தே.

"அன்னிக்கிப் பாவு இருந்துச்சு, கொழந்த அதுல நின்னுது. இல்லாத நாள்ல மாட்டு வண்டி வந்தா?"

"ஏழு நாளில் குழிகளை மூடிவிடுங்கள். இல்லையென்றால் அங்கீகாரம் ரத்து."

"மூடறேன். நீ டெய்லி வந்து வாசப்படியில குந்திக்கினு காவல் பாக்கறியா? சம்பளம் வாங்கற இல்ல?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்கென்றே விதிகளில் விலக்கு ஒன்று இருந்தது. உள்ளூர்ச் சூழலைக் காரணம் காட்டி ஆய்வாளர் எழுதினால், மேலதிகாரி ஒரு கேள்வியைத் தளர்த்தலாம். அரைப் பக்கம் எழுதினால் போதும். அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். அந்த அம்மாளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் சொல்லவில்லை. என்னை வாசப்படியில் உட்காரச் சொன்னவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை.

ஏழாம் நாள் போனேன். குழிகள் அப்படியே இருந்தன. கெஞ்சுவார் என்று நினைத்திருந்தேன். ஆணியிலிருந்து சான்றிதழைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பால் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார்.

"பாதி இருக்குது. இதையும் எடுத்துக்கினு போ. நாளைக்கி அதத் தின்னுட்டேன்னு எழுதுவ."

டப்பாவை சைக்கிளில் கட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். பாதி டப்பாவைத் திரும்பப் பெற விதியில்லை என்று கிடங்குக் குமாஸ்தா மறுத்துவிட்டார். சரியாகத்தான் சொன்னார், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தக் காப்பகத்தின் ஒதுக்கீடு சின்ன காஞ்சிபுரத்தில் ஏழு தாளும் ஒழுங்காக இருந்த இன்னொன்றுக்குப் போயிற்று. அங்கே மணல் உண்டு, ஊஞ்சல் உண்டு. நான் போன அன்று குழந்தைகள் மூன்று.

பிள்ளையார்பாளையத்தில் அங்கீகாரம் இல்லாமலே காப்பகம் நடந்தது. கஞ்சிதான். எந்தத் தாயும் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடவில்லை. டப்பா என் பீரோவின்மேல், மாற்றலாகிப் போகும்வரை இருந்தது. கிளம்பும் அன்று திறந்து பார்த்தேன். பவுடர் கல்லாக இறுகியிருந்தது. பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் அதையும் ஓர் இனமாகச் சேர்த்து, அடுத்து வந்தவரிடம் கையெழுத்து வாங்கினேன்.