திண்டிவனத்தை அணைத்த அம்புக்குறி

போன வாரம் ஆயுத பூஜை. விழுப்புரத்தில் என் பேனர் கடையில் ஃப்ளெக்ஸ் மிஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சாமி கும்பிட்டதும் எல்லாவற்றையும் அணைத்தேன். மறுநாள் வரை அதுகளுக்கு லீவு.

பாக்கி சர்வர் ஒன்றுதான். அது இருப்பதோ என் இன்னொரு கடையில், திண்டிவனத்தில்! ரெண்டு கடை டிசைனும் போட்டோவும் அதற்குள்தான்.

அதைப் போட்டுக்கொடுத்த சேகர், "கறுப்பு ஸ்கிரீனே போதும்ணே... டைப் பண்ணா வேலை ஆயிடும்" என்றார். எட்டாவதோடு நின்ற நான் என்னத்தை டைப் பண்ண? ஐகான் வேணும், மவுஸ் வேணும் என்று அடம்பிடித்து வாங்கினேன்.

அன்றிலிருந்து ஒரே ஆச்சரியம். இங்கே மவுஸை நகர்த்தினால் திண்டிவனத்தில் ஃபைல் நகர்கிறது. அப்படியானால் இந்த அம்புக்குறி எந்த ஊரில் இருக்கிறது?

கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவன் நான். சர்வரிடம் மட்டும் பயமே வந்ததில்லை. பார்க்க நம்ம வீட்டு கம்ப்யூட்டர் மாதிரியே இருந்தால் பயம் எப்படி வரும்?

அதற்கும் லீவு கொடுத்தேன் — ஷட் டவுன். ஒரே க்ளிக்.

மதியம் ஒருவர் ஓடி வந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவர் அப்பா காலமாகிவிட்டார்.

"சாயங்காலம் எடுக்கணுங்க. வீட்ல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல. தங்கச்சி கல்யாண பேனர் நீங்கதான் போட்டீங்க... அதுல இருக்காருங்க."

பூஜை போட்ட மிஷின்தான். சாவு காரியம், வேறு வழி? ஆன் செய்தேன். சர்வர் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது — அணைக்கிற பட்டன் என் ஸ்கிரீனில். போடுகிற பட்டன் திண்டிவனத்தில், பூட்டிய கடைக்குள்!

அந்தக் கடையைப் பார்த்துக்கொள்ளும் மலருக்கு போன் போட்டேன்.

"சாமி கும்பிட்டுப் பூட்டியாச்சேண்ணே. நாளைக்குத்தான தொறக்கணும்?"

விஷயத்தைச் சொன்னேன்.

"சர்வருக்கு யாராவது லீவு வுடுவாங்களாண்ணே? பேஜாரு புடிச்ச வேலை... இருங்க, சாவிய எடுத்துக்கினு போறேன். சாமி கேட்டா உங்க பேரத்தான் சொல்வேன்."

காத்திருந்தோம். வந்தவர் உட்காரவே இல்லை. அவள் போவதற்குள் கரன்ட் போனால்? சர்வர் எழுந்திருக்கவே இல்லை என்றால்?

ஒருவழியாக ஸ்கிரீனில் வெளிச்சம். பேனரைத் திறந்து பெரிதாக்கினேன். பட்டுத் துண்டோடு பெரியவர், வாய் நிறையச் சிரிப்பு.

மகன் ஸ்கிரீனைத் தொட்டார். "பல்லு போனதுலேர்ந்து கையால வாய மூடிக்கினுதாங்க சிரிப்பாரு. அன்னிக்கு மட்டும் மறந்துட்டாரு போல."

பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். ஈரம் காயக்கூட நிற்காமல் கிளம்பினார்.

மறுநாள் மலர் போன் செய்தாள். "சேகரண்ணன்கிட்ட சொல்லி உங்க ஸ்கிரீன்ல அந்த ஷட் டவுனை எடுத்துடச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா, இருக்கட்டும்" என்றேன்.

இப்போது அந்தப் பக்கம் அம்புக்குறி போனாலே பயந்துபோய் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன். அப்பாடா... சர்வர் இனிமேல் பத்திரம்!