தமிழ் வகுப்புக்கு மங்கல் பவுச்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரே எழுத்தை இரண்டு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்ததுதான்.

மே மாதச் சாயங்காலம். மழை பெய்து ஓய்ந்து, மேற்கே கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், காரக்கோணத்திலிருந்து வெள்ளறடை போகும் ரோட்டில், வீட்டின் முன்னறையைத்தான் சுவாமிதாஸ் லேமினேஷன் கடையாக்கி வைத்திருந்தார். அன்று மேசையை ஓரமாக நகர்த்திவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இரண்டு தாள்களையும் ஒட்டினார். இரண்டிலும் பெரிதாக ஒரு ‘ழ’. ஒன்றைப் பளபளப்பான பிளாஸ்டிக் பவுச்சில் போட்டு மூடியிருந்தார், மற்றதை மங்கலான பவுச்சில்.

“இஞ்ச வந்து இரி மக்கா. கசேரியில இல்ல, தரையில. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்க உயரத்துல இரிக்கணும்.”

ரெஜிலா உட்கார்ந்தாள். அவருடைய ஒரே மகள். பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் பிலிம் தயாரிக்கும் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் குனி. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு இத்தற நீட்டுக் களுத்து கெடையாது.”

குனிந்து பார்த்தாள். பளபளப்பான தாளில் ஜன்னல் தெரிந்தது. கம்பிகள் தெரிந்தன, கம்பிகளுக்கு வெளியே நின்ற பலா மரம் தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. மங்கல் தாளில் ‘ழ’ மட்டும் தெரிந்தது.

இதை அளப்பதற்குத் தங்கள் கூடத்தில் ஒரு கருவி இருக்கிறது, சரிவாக வெளிச்சம் விட்டு எவ்வளவு திரும்பி வருகிறது என்று எண்ணில் காட்டும் என்று அவள் சொன்னாள்.

“அந்த மெசினு தரையில இரிக்குமா?” என்று கேட்டார் சுவாமிதாஸ்.

அவள் சிரித்தாள். பிறகு மங்கல் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். மடக்கிப் பார்த்தாள். பசை அடுக்கு இரண்டிலும் ஒன்றுதான், சூட்டை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டும், உரியாது என்றாள்.

“அப்போ தீந்துது. திங்களாழ்ச்ச சாலைக்குப் போய் மாத்திட்டு வாறேன்.”

சாலை என்பது திருவனந்தபுரத்தில் இருக்கும் மொத்த வியாபாரக் கடைத்தெரு. பவுச் பெட்டிகளை அவர் அங்கேதான் வாங்குவார். மறுநாள் மாலை ரெஜிலா ரயில் ஏறினாள். ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸைத் தந்துவிட்டு, வண்டி கிளம்பும் முன்பே அவர் திரும்பி நடந்தார். வழியனுப்பி நிற்பது அவருக்கு ஒருபோதும் பழக்கமில்லை.

சுவாமிதாஸ் பத்தாம் வகுப்போடு ஷார்ஜாவுக்குப் போனவர். அங்கே ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் வேலை. இடது கை நடுவிரலின் நுனி அங்கேயே போயிற்று. கடைக்கு வரும் பிள்ளைகள் குட்டை விரலைப் பார்த்துக் கேட்டால், அது இன்னும் ஷார்ஜாவிலதான் இருக்கு, அதுக்கு இப்பவும் விசா உண்டு என்பார். திரும்பி வந்தபோது கையில் இருந்த பணத்தில் ஒரு லேமினேஷன் மெஷினும் ஒரு போட்டோஸ்டாட் மெஷினும் வாங்கினார்.

மழைக்காலத்தில் எல்லாத் தாளும் ஈரம் குடித்திருக்கும். அப்படியே மெஷினுக்குள் விட்டால் ஆவி உள்ளே அடைபட்டு வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதற்காக ஒரு பழைய அலமாரிக்குள் பல்பு மாட்டி, தாள்களை ஓர் இரவு முழுக்க அதில் காய வைப்பார். நனைந்த ரேஷன் கார்டோடு நிற்பவரிடம் நாளைக்கு வா என்பார். முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். ஆனால் மறுநாள் வருவார்கள்.

சர்ட்டிபிகேட்டின் அசலைக் கொண்டுவந்தால் மட்டும் தொடவே மாட்டார். மழையும் கரையானும் தின்னாமல் இருக்க, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிளாஸ்டிக்குக்குள் மூடிவிட வேண்டும் என்று தகப்பன்மார் கொண்டுவருவார்கள். “இதெ மூடிப்போட்டா நாளைக்கு உமக்க மகன் துபாய்க்குப் போவும்ப சீலு எங்க குத்துவான், உம்ம நெத்தியிலயா?” என்று கேட்டு, ஒரு நகல் எடுத்து அதை மூடித் தந்து அனுப்புவார். மூடினால் மூடினதுதான், பிரிக்கப் பார்த்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும் என்பது அவர் ஓயாமல் சொல்லும் பேச்சு.

பள்ளிக்கூட வேலைதான் அவருக்குப் பிடித்தது. அடையாள அட்டைகள், எண் அட்டைகள், சுவர்ப் படங்கள். எல்லாவற்றுக்கும் நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டித் தருவார். பிளாஸ்டிக்கின் கூர் மூலை சின்னப் பிள்ளைகளின் கன்னத்தைக் கிழிக்கும்.

மேட்டில் இருக்கும், நாலாம் வகுப்பு வரையிலான எல்.பி. பள்ளிக்கூடத்தில் மலையாள வகுப்புகள்தான் அதிகம். தமிழுக்கு ஒரே ஒரு பிரிவு. அதில்தான் சுவாமிதாஸ் படித்தார், ரெஜிலாவும் படித்தாள். பழைய வராந்தாவை அடைத்து இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்து அந்த வகுப்பை ஆக்கியிருந்தார்கள். அச்சடித்த தமிழ்ப் படங்கள் நேரத்துக்கு வந்து சேராது. அதனால் அந்த வகுப்பின் தன்யா டீச்சர் கோடை லீவில் தானே உட்கார்ந்து எழுத்துப் படங்களை வரைவார். அணில், ஆடு, இலை. சார்ட் காகிதமும் கலரும் பிள்ளைகளின் அம்மாமார் வாங்கிக் கொடுப்பது.

போன வருடம் அந்தப் படங்களுக்குப் பவுச் தேர்ந்தெடுக்க சுவாமிதாஸ் சாலையில் ஒரு பகல் முழுக்க நின்றார். மலையாள வகுப்புகளுக்குப் பெற்றோர் சங்கம் விலை குறைந்த சாதாரணப் பவுச் போதும் என்று சொல்லியிருந்தது. தமிழ் வகுப்புக்கு அவர் தாமாகவே தெரிந்தெடுத்தது கடையில் இருந்ததிலேயே அதிகம் மின்னுகிற பவுச். கல்யாணப் பட்டு எடுக்கிறவரைப் போல விரித்து விரித்துப் பார்த்து வாங்கிவந்தார் என்று ரெஜிலாவின் அம்மா சுகிர்தபாய் கேலி செய்தாள். “நம்ம பிள்ளைகளுக்க கிளாசாக்கும். ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கணும்” என்றார் அவர்.

படங்கள் மின்னத்தான் செய்தன. பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஏதோ அட்டைகளைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர், தமிழ் வகுப்பின் வாசலில் நின்றார். பிள்ளைகள் எல்லாம் இடது பக்கத்துப் பெஞ்சுகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். வலது பக்கம் காலியாகக் கிடந்தது. அந்தப் பக்கம் மழையில் ஒழுகும், அதனால் பிள்ளைகள் இருக்க மாட்டேன் என்கிறார்கள் போல என்று டீச்சர் சொன்னார். மழை இல்லாத மாதம் அது. இடைவேளை மணி அடித்து எல்லாரும் வெளியே ஓடியபின், சுவாமிதாஸ் வலது பக்கப் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து பார்த்தார். சுவரில் வெளிச்சம் மட்டும் இருந்தது. அணிலும் இல்லை, ஆடும் இல்லை.

இதை அவர் டீச்சரிடம் சொல்லவில்லை. தான் ஒட்டிய படங்களின் ஓரத்தில் காற்றுப் புகுந்துவிட்டது, தப்பு தன்னுடையது, புதிதாக வரைந்து தந்தால் இந்த முறை நன்றாகப் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னார். டீச்சர் மறுபடியும் ஏப்ரல் முழுக்க வரைந்தார். மனைவியிடமும் அவர் உள்ளதைச் சொல்லவில்லை. சொன்னது ரெஜிலாவிடம் மட்டும், அந்தச் சாயங்காலம், இரண்டு ‘ழ’வுக்கும் முன்னால் தரையில் இருந்துகொண்டு. “ஒரு வருசம் முழுக்க பிள்ளைகளுக்கு ஜன்னலப் படிக்கக் குடுத்திருக்கேன் மக்கா” என்றார்.

அதே பளபளப்புப் பவுச்சில் புதிய பெட்டி ஒன்றை அவர் பிப்ரவரிக்கு முன்பே வாங்கி வைத்திருந்தார். அதன் சீல் உடைபடவில்லை. உடைக்காமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சாலைக் கடைக்காரர் ஒத்துக்கொண்டிருந்தார்.

ரெஜிலா போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேதக் கோவிலில் ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூச்சு கொஞ்சம் முட்டுகிறது என்றார். ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே முடிந்திருந்தது.

காலையில் கோயம்புத்தூரில் இறங்கியிருந்த ரெஜிலா, சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பி வந்தாள். அடக்கத்துக்கு முன்னால் கோவிலில் அவருடைய படம் ஒன்றை வைத்திருந்தார்கள். வேறொரு கடையில் அவசரமாகப் பெரிதாக்கி, மின்னும் பவுச்சில் மூடி வாங்கியது. பக்கவாட்டு ஜன்னலின் வெளிச்சம் அதில் விழுந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து அப்பாவின் முகம் தெரியவில்லை. நகர்ந்து நின்றால் தெரிந்திருக்கும். நகரவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கையில் தன்யா டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். வெகுநேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எழும்பிப் போகிற நேரத்தில்தான் படங்களைப் பற்றிக் கேட்டார்.

“உங்களுக்கு இப்ப ஏலாதுன்னு தெரியும் மக்கா. நான் பாறசாலை டவுணுல எங்கயாவது குடுத்துப் போட்டுக்கிடுவேன். படங்கள மட்டும் தந்தாப் போதும்.”

“வேண்டாம் டீச்சர். அப்பா போட்டுத் தாறேன்னு சொன்னதாக்கும். நான் போட்டுத் தாறேன்.”

“போன தடவ மாதிரி நல்லா மின்னணும், கேட்டியா. சங்கத்துல எல்லாருக்கும் அதுதான் ரொம்பப் புடிச்சுது.”

அப்பா சொல்லாமல் போனதைத் தான் சொல்லலாமா என்று ரெஜிலாவுக்குத் தெரியவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அலமாரிக்குள் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. படங்களை அவரே அதில் அடுக்கி வைத்திருந்தார். யாரும் அதை அணைக்கவில்லை. தாள்கள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. பளபளப்புப் பவுச் பெட்டி வாசல் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டி இருந்தது. அதன்மேல் அவருடைய குடை குறுக்கே கிடந்தது.

“பெட்டி இரிக்கு, மெசினு இரிக்கு” என்றாள் அம்மா. “இண்ணைக்கே போட்டுக் குடுத்துரு மக்கா. இந்த அறையில அவருக்க வேல ஒண்ணும் பாக்கி கெடக்காண்டாம். என்னால பாத்துட்டு இரிக்க முடியல்ல.”

மெஷினின் சுவிட்சைப் போட்டாள். சூடேற நேரம் எடுக்கும். பச்சை விளக்கு வரும்வரை என்ன செய்வது என்று தெரியாமல், பிளேடை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன் குத்தவைத்தாள். கயிற்றை அவிழ்க்காமல் ஓரமாக நகர்த்தினாள். சீல் போட்ட டேப்பின்மேல் பிளேடின் முனையை வைத்தாள்.

அறுத்தால் சாலைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். படங்கள் இன்று மாலைக்குள் முடிந்துவிடும். டீச்சருக்குச் சந்தோஷம், சங்கத்துக்குச் சந்தோஷம். அம்மா இந்த அறையைப் பூட்டிவிடுவாள். வலது பக்கப் பெஞ்சு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்க ஆள் கிடையாது. தெரிந்தவர் இரண்டே பேர், அதில் ஒருவர் போய்விட்டார். மூடினால் மூடினதுதான்.

பச்சை விளக்கு வந்தது.

குத்தவைத்த உயரத்திலேயே அவள் தலையைத் திருப்பினாள். எதிர்ச் சுவரில் இரண்டு தாள்களும் அப்படியே ஒட்டியிருந்தன. யாருக்கும் அவற்றை எடுக்கத் தோன்றவில்லை. வெளியே மூடாப்பு, பெரிய வெளிச்சம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்றில் ஜன்னல் இருந்தது. மற்றதில் எழுத்து இருந்தது, சுவாமிதாஸின் கையெழுத்தில், கடைசிச் சுழி கொஞ்சம் கோணலாக.

மெஷினை அணைத்தாள். அம்மா ஏன் என்று கேட்டாள். பவுச் மாற்ற வேண்டும், அப்பா மாற்றத்தான் வைத்திருந்தார், போட்டபிறகு சொல்கிறேன் என்றாள். அம்மா முந்தானையால் மெஷினின் மேல் தூசியைத் துடைத்தாள். தூசி எதுவும் இல்லை.

அப்பாவின் போனில்தான் கடைக்காரரின் நம்பர் இருந்தது. அதிலிருந்தே கூப்பிட்டாள். மறுமுனை அவளைப் பேச விடவில்லை.

“என்ன தாசே, திங்களாழ்ச்ச வாறேன்னு சொல்லிட்டு ஆளையே காணல்ல? நீரு கேட்ட மங்கலு சாதனம் எடுத்து மாத்தி வச்சாச்சு. பள்ளிக்கூடம் தொறக்கிற சமயம், ரெண்டுபேரு கேட்டாச்சு, குடுக்கல்ல. பெட்டிக்க மேல உமக்க பேர எழுதிப் போட்டிருக்கு. அந்தப் பெட்டிய ஒடைக்காமக் கொண்டு வாரும்.”

ரோட்டில் வெள்ளறடை பஸ் போனது.

“தாசுக்க மகளாக்கும்” என்றாள். “நாளைக்கு நான் வாறேன். பெட்டி ஒடைக்கல்ல.”

“அவரு வரேல்லியா?”

“இல்ல” என்றாள். “வரேல்ல.”

போனை வைத்தபின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. ரயிலில் கொண்டுபோகத் தோதாக, கயிற்றில் கைநுழைக்க ஒரு வளையம் விட்டு அவர் முடிச்சுப் போட்டிருந்தார். அவர் கைக்கு அளந்த வளையம். அவள் கைக்கு அது தொளதொளவென்று இருந்தது.