பொய்ச் சாட்சி சொன்ன எனக்குக் கிடைத்த இடம்

கர்த்தருடைய பிள்ளைகளுக்கு ஆம்பூரிலிருந்து கிரேஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். என் படிப்பைப் பற்றி நான் சொல்லும் இரண்டாவது சாட்சி இது. முதல் சாட்சியை 1984 மே மாதம் எங்கள் சபையின் ஆண்டுவிழாவில், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, மைக் முன்னால் நின்று சொன்னேன். அது பொய்.

என் தகப்பனாரை நைனா என்போம். அவர் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். அண்ணன் தேவதாஸ் ஷூ கம்பெனியில் கட்டிங் மெஷின் ஓட்டினார். நான் மூன்று வருடம் பஸ்ஸில் வேலூருக்குப் போய்வந்து பி.எஸ்சி. பௌதிகம் முடித்தேன். ஊறின தோல், அழுகின சதை, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்த நாற்றம் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணியில்கூட இருக்கும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டின்மேல்தான் வந்தது. நைனா சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்துபோய்விடுவேன். அவர் கைகளைப் பார்க்க எனக்கு அருவருப்பு. இப்படிப்பட்டவள்தான் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினேன்.

அந்த வருடம் பேப்பரில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் மனோதத்துவத்தையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து இரண்டு வருட மேல்படிப்பு. மெஷினைப் பற்றி மட்டும் அல்ல, மெஷின் முன்னால் நிற்கிற மனுஷனைப் பற்றியும் படிக்கலாம். லேபில் ஒரே மீட்டரை நாலு பேர் நாலு விதமாய் வாசிப்பதைப் பார்த்து, தப்பு மீட்டரிலா கண்ணிலா என்று கேட்டு, வாத்தியாரிடம் திட்டு வாங்கியவள் நான். எனக்காகவே யாரோ உட்கார்ந்து உண்டாக்கின படிப்பு போல இருந்தது. மூன்று நாள் தூக்கம் வரவில்லை.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டார்கள். ஒரு மெஷினையும் அதை ஓட்டுகிறவரையும் நேரில் கவனித்துப் பத்துப் பக்கம் எழுத வேண்டும். தோலைப் பற்றி எழுதினால் காகிதத்திலும் நாறும் என்று நினைத்தேன். என்னோடு படித்தவள் ஒருத்தி குடியாத்தத்தில் நெசவுக் குடும்பம். அவள் வீட்டுக்கு ஒரு மத்தியானம் போனேன். லுங்கி நெய்கிற தறியை அரை மணி நேரம் பார்த்தேன். மீதி நேரம் அவள் அம்மா கொடுத்த முறுக்கைத் தின்றேன். பத்துப் பக்கமும் வீட்டுக்கு வந்து கற்பனையில் எழுதினேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று போட்டேன்.

தபாலில் போட்ட மறு வாரம் ஆண்டுவிழா. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டது என்று சொல்லி சாட்சி சொல்வார்கள். அதற்கு விசுவாச அறிக்கை என்று பெயர். நானும் எழுந்து, “கர்த்தர் எனக்குக் கோயமுத்தூரில் சீட் கொடுத்தார்” என்றேன். விசுவாசத்தினாலே என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்கவில்லை. மறந்து விடவில்லை. வேண்டுமென்றே விட்டேன். கை தட்டினார்கள். நைனா அழுதார். எங்கள் சபைப் போதகரை ஐயர் என்போம்; அவர் மனைவி ஐயரம்மா. அவர் அடுத்த வாரமே ஒரு புது சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஜூனில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கேட்டார், “நெய்கிறவர் முதலில் எந்தக் காலால் மிதிப்பார்?” எனக்குத் தெரியவில்லை. வலது என்றேன். “அவர் குச்சி மாதிரி ஒன்றை அவ்வப்போது தள்ளி வைப்பாரே, எதற்கு?” தெரியவில்லை. ஓரத்தில் இருந்த பேராசிரியை அம்மா என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “நீ ஆம்பூர்தானே? உங்க ஊர்ல மெஷினே இல்லையா?” என்றார். “எழுதுற மாதிரி ஒண்ணும் இல்ல மேடம்” என்றேன். அவர் காகிதத்தை மூடி வைத்தார்.

மாதக் கடைசியில் கார்டு வந்தது. இடம் இல்லை.

அந்தக் கார்டை ஜாக்கெட்டுக்குள் ஒளித்தேன். வீட்டில் சொல்லவில்லை. சபையில் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் யாராவது, “இன்னா கிரேசு, எப்போ கெளம்புற?” என்பார்கள். “இன்னும் லெட்டர் வர்ல ஆன்ட்டி” என்பேன். பொய்க்கு மேல் பொய். பகலில் யாரும் இல்லாதபோது முழங்கால் போட்டு, “ஆண்டவரே, எப்படியாவது இதை உண்மையாக்கிவிடும்” என்று ஜெபிப்பேன். என் பொய்க்கு அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பாதியில் நாக்கு கசக்கும். ஆமென் சொல்லாமல் எழுந்துவிடுவேன். பெயரைக் கெடுத்துக்கொள்வதைவிடச் செத்துப்போகலாம் என்றுகூட நினைத்தேன்.

ஜூலை இரண்டாவது வாரம், அண்ணனின் இடது ஆள்காட்டி விரல் நுனியை மெஷின் வெட்டிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கம்பெனியிலிருந்து ஒரு கிளார்க் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். விபத்துப் புத்தகத்தில் தொழிலாளியின் கவனக் குறைவு என்று எழுதியிருந்தார்கள். “என் அண்ணன் பத்து வருஷமாய்க் கவனமாய்த்தானே இருந்தார்” என்று கேட்டதற்கு, அந்தக் கிளார்க் பிஸ்கட்டைக் காட்டி, “புள்ளைங்களுக்குக் குடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அண்ணனுடைய செருப்பையும் டிபன் கேரியரையும் எடுத்துவரக் கம்பெனிக்குப் போனேன். அதுவரை நான் உள்ளே போனதே இல்லை. அண்ணனுக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்கிற கரீம் பாய் எனக்கு வழி காட்டினார். அந்த மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேல்பலகை இறங்கித் தோலை வெட்டும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் வரிசையாய் இருந்த மெஷின்களில் எல்லாம் இடது பட்டனை அழுத்தின நிலையிலேயே தோல் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அண்ணனுடைய மெஷினில் மட்டும் வார் இல்லை. அறுத்த தடம் இருந்தது.

“இது இன்னா பாய்?”

“பட்டன் கட்டறது. ஒரு கை ஃப்ரீயா இருந்தா பீஸ் ஜாஸ்தி வரும், பீஸுக்குத்தான் காசு. கட்டாதவன சோம்பேறிம்பாங்க.”

“செக் பண்ண ஆபீசர் வந்தா?”

“கேட்டாண்ட விசில் கேக்கும். போர்மேன் கத்தி வெச்சிருக்கார். ஆபீசர் கேட்டத் தாண்டறதுக்குள்ள எல்லாம் அறுத்துடுவோம். போய்ட்டா மறுபடி கட்டிப்போம். புதுசா வர்ற ஆளுக்கு மொதல்ல இதத்தான் கத்துத் தர்றோம். வெட்டறது அப்புறம்.”

“காசுக்காகவா விரலக் குடுக்கறீங்க?”

அவர் சிரித்தார். என்னை மெஷின் முன்னால் நிறுத்தி, “ரெண்டு கையும் தூக்கி அமுக்கு பாப்போம். ஒரு நூறு தடவை” என்றார். முப்பதுக்குள் தோள் எரிந்தது. பட்டன்கள் என் தோளுக்கும் மேலே, இரண்டும் தூரம் தூரமாய் இருந்தன. “எங்கியோ வெளிநாட்ல செஞ்சது. செஞ்சவன் நல்ல உயரமா இருந்திருப்பான். என்னைய அவன் பாக்கல” என்றார் கரீம் பாய். அவர் என்னைவிடக் குள்ளம்.

எனக்கு அங்கேயே அருவருப்பு வந்தது. கத்தி வைத்திருக்கிற போர்மேனை நினைத்து மட்டும் அல்ல. எழுதுகிற மாதிரி எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை என்று மூன்று பேருக்கு முன்னால் சொன்ன வாய் என்னுடையது. பத்து வருடம் இந்த மெஷினில் கை தூக்கி என்னைப் படிக்க வைத்தவர் என் அண்ணன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். நடந்தபடியே ஜெபித்தேன். “ஆண்டவரே, சீட் வேண்டாம். நாறுகிறது நைனாவின் துணி இல்லை, நான்தான். என்னைக் கழுவும்.” அவ்வளவுதான் ஜெபம். அன்றைக்குத்தான் ஆமென் சொன்னேன்.

சனிக்கிழமை ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லவர். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாய் இருந்தது. “இதுல பொய் எங்கம்மா இருக்கு? விசுவாச அறிக்கைதானே. இன்னும் கிடைக்கலன்னு சொல்லிடு, போதும்” என்றார். தப்பிக்க வழி திறந்தே இருந்தது. ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பிறகு, “இல்ல ஐயரே, நான் பொய்ன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்” என்றேன்.

ஞாயிறு அறிவிப்புகள் வாசித்த பிறகு நானே எழுந்து சொன்னேன். கார்டைத் தூக்கிக் காட்டினேன். வெளியே வந்த பிறகுதான் பேசினார்கள். “சீட்டு வந்துச்சுன்னு ஜனங்கள அழ வெச்சியே, இப்ப வர்லன்னு அழ வெக்கிறியா?” என்று ஒரு அம்மா கேட்டார். ஐயரம்மா சூட்கேஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதில் தப்பு இல்லை. நைனா மட்டும் என்னோடு நடந்து வந்து, வீட்டு வாசலில், “பசிக்குது, சோறு போடு” என்றார். அன்று முதல்முறையாக அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நாற்றம் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை தையல்காரரிடம் இஞ்ச் டேப் கடன் வாங்கினேன். மாதனூர் பக்கத்து ஆட்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் போய் நின்று, அவர்கள் உயரத்தையும் கை நீளத்தையும் அளந்தேன்.

“இன்னா பாப்பா, சட்டை தெச்சுத் தர்றியா?”

“கழுத்து அளவு மட்டும் எடுக்காத, என் வீட்டுக்காரிக்கு சந்தேகம் வரும்.”

“அளந்துக்கோ, அளந்துக்கோ. கைய கம்பெனி எடுத்துக்கிச்சு, மீதியயாவது கவர்மெண்டு எடுத்துக்கட்டும்.”

கேலி செய்துகொண்டே கையை நீட்டினார்கள். யாருக்குத் தோள் வலி, யார் எப்போது பட்டன் கட்டப் பழகினார், கட்டாமல் வேலை செய்த நாளில் மனசு எப்படி இருந்தது என்று எல்லாம் கேட்டு எழுதினேன். அண்ணன் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து எனக்கு மெஷினை வரைந்து கொடுத்தார். “என் பேரப் போட்டுடாதடி, வேல பூடும்” என்றார். போடவில்லை.

எல்லாவற்றையும் புதுக் கட்டுரையாக எழுதிக் கல்லூரிக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். என் தறிக் கட்டுரை பொய், என் தகப்பனார் வியாபாரி அல்ல, சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர், இடம் கேட்டு இதை எழுதவில்லை, உங்களிடமும் பொய் சொன்னதால் எழுதுகிறேன் என்று மட்டும் இருந்தது. தபால் பெட்டியில் போட்டதும் நன்றாகத் தூங்கினேன். பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

ஆகஸ்டு மாதம் பழுப்புக் கவர் வந்தது. சேர்ந்த மாணவர் ஒருவர் எஞ்சினியரிங் கிடைத்துப் போய்விட்டார், ஒரு வாரத்துக்குள் வந்து சேரவும் என்று டைப் அடித்திருந்தது. அதன் கீழே பேராசிரியை அம்மா கையாலேயே எழுதியிருந்தார்: “இரண்டாவது கட்டுரையை மூன்று பேரும் வாசித்தோம்.” நான் கேட்காதபோது என் ஆண்டவர் கொடுத்தார். நைனாவின் பழைய டிரங்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

படிப்பு லேசாய் இல்லை. புள்ளியியல் பாடத்தில் முதல் பரீட்சையில் தோற்றேன். விபத்துக்குக் காரணம் என்ன என்று வகுப்பில் கேட்டபோது, முக்கால்வாசிப் பேர் கவனக் குறைவு என்றார்கள். எனக்கு அந்தப் பிஸ்கட் பாக்கெட் ஞாபகம் வந்து எரிச்சலாய் இருந்தது. எழுந்து கரீம் பாயைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்க ஆண்டவர் பலம் கொடுத்தார்.

இரண்டாம் வருடம் ப்ராஜெக்டுக்கு அதே கம்பெனியிடம் அனுமதி கேட்டேன். பட்டன்களைக் கீழே இறக்கி, பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் திட்டம். “நேத்துப் படிச்ச பொண்ணு எங்களுக்கு மெஷின் சொல்லித் தர்றதா?” என்று மேனேஜர் திருப்பி அனுப்பினார். நாலு முறை போனேன். ஒவ்வொரு முறையும் போகும் முன் நானும் நைனாவும் சேர்ந்து ஜெபித்தோம். ஐந்தாம் முறை, ஒரே ஒரு மெஷின், பதினைந்து நாள் என்றார். கரீம் பாய் தன் மெஷினைக் கொடுத்தார். பதினைந்து நாளும் அவர் வார் கட்டாமல் ஓட்டினார். பீஸ் கணக்கு கம்மியாகவில்லை. “இப்பத்தான் மெஷினு என்னையப் பாத்துச்சு” என்றார்.

ஒரு மெஷின்தான் மாறியிருக்கிறது. மற்ற மெஷின்களில் இன்னும் கட்டுகிறார்கள், இன்னும் விசில் அடிக்கிறார்கள். அதைப் பார்த்தால் இன்னும் எனக்கு அருவருப்புதான். முன்பெல்லாம் அருவருப்பு வந்தால் ஓடுவேன். இப்போது அது வருகிற இடத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறேன். இந்த மாற்றத்தை எந்தப் பாடமும் எனக்குக் கற்றுத் தரவில்லை. என்னைக் கழுவினவர் தந்தது.

வாசிக்கிற சகோதர சகோதரிகளே, உங்களில் யாராவது என்னைப் போல நல்ல பெயரைக் காப்பாற்றுவதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தால், அதை நிறுத்துங்கள். உள்ளே அழுகிக் கிடப்பதை இருக்கிறபடியே எடுத்து அவருக்கு முன்னால் வையுங்கள். வாசனை பூச வேண்டாம். அவர் முகம் சுளிக்க மாட்டார். என்னைப் பார்த்துச் சுளிக்கவில்லை.