பிச்சை கால் வைத்த ஊற்று

பிச்சையை நாங்கள் வாடா போடா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இருபது வயது மூத்தவர். இன்றைக்கு எழுத உட்கார்ந்தால் அப்படி வரவில்லை, வரவும் வேண்டாம்.

எங்கள் ஊர் வெள்ளாற்றங்கரையில். கடைத்தெரு, சத்திரம், மேலத்தெரு எல்லாக் கழிவும் ஒரே சாக்கடையில் ஆற்றுப்பக்கம்தான் இறங்கும். அதைக் கவனிக்கப் பஞ்சாயத்து வைத்திருந்த ஆள் பிச்சை. கரைக்கு முன்னால் மூன்று குழி வெட்டியிருந்தார். முதல் குழியில் சகதி படியும், இரண்டாவதில் தண்ணீர் தெளியும், மூன்றாவதிலிருந்து வாழைக்குப் பாயும். ஆற்றில் ஒரு சொட்டு இறங்க விடமாட்டார். "தண்ணி நம்ம அவசரத்துக்குத் தெளியாதுங்க ஆத்தா" என்பார். சாக்கடை பார்க்கிறவருக்கு இவ்வளவு மிடுக்கா என்று கேலி பேசுவோம்.

கோடையில் ஆறு வெறும் மணல். ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் அள்ளிக் குடம் நிரப்புவோம். அந்தச் சாக்கடைக் குழிகளுக்குச் சற்றுக் கீழே மேலத்தெருக்காரர்களான எங்கள் ஊற்றுகள். இன்னும் கீழே பிச்சையின் தெருக்காரர்களுக்கு. எங்கள் ஊற்றை அவர்கள் தொட்டுவிட்டால் அதில் குடிக்கமாட்டோம். வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தோம்.

நாற்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில் சாமி ஆற்றுக்கு எழுந்தருளியது. சாமி சாக்கடையைத் தாண்டினால் தீட்டு என்று யாரோ சொல்ல, பாதையில் கிடந்த முதல் குழியைப் புதுமணல் கொட்டி மூடிவிட்டார்கள். பிச்சை அன்று மகள் பிரசவத்துக்காகக் குளத்தூர் போயிருந்தார். சாமி சுத்தமாகப் போய் வந்தது. போக இடமில்லாத சாக்கடை கரை வழிந்து, எங்கள் ஊற்றுகளுக்கு மேலே மணலில் இறங்கிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பிச்சை ஓடி வந்தார். குடத்தோடு நாங்கள் பத்துப் பேர் நின்றோம்.

"அள்ளாதீங்க ஆத்தா. சாக்கடை மணலுக்குள்ள எறங்கிருச்சு. வாந்திபேதி வந்துரும்."

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பளிங்காட்டம் இருந்தது. "அங்கிட்டுப் போடா. நீ வந்து எங்களுக்குத் தண்ணி பாத்துச் சொல்றியாக்கும்" என்றேன். அடுத்த வீட்டு அமிர்தவல்லி அள்ளவே குனிந்துவிட்டாள்.

பிச்சை துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். எங்கள் ஊற்றில் காலை வைத்தார். அடுத்ததிலும் வைத்தார். ஏழு ஊற்றிலும் வைத்துவிட்டுத்தான் நின்றார். சாக்கடை என்றால் நம்பாதவர்கள், தன் கால் பட்டால் குடிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நான்தான் முதலில் வைதேன். அமிர்தவல்லியின் புருஷன் ஏகாம்பரம் மாட்டுக் கயிற்றால் அடித்தார். பிச்சை தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியைத் திறக்கப் போனார்.

அன்று கோவில் கிணற்றுத் தண்ணீர் குடித்தோம். மறுநாள் மதியம் ஏழு ஊற்றிலும் கறுப்பாகச் சுரந்தது. கிட்டே போக முடியாத வாடை. அவர் கால் வைத்திராவிட்டால் அந்தத் தண்ணீரை என் கைக்குழந்தைக்கு நானே சங்கில் புகட்டியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் புது ஊற்றுத் தோண்டினோம். அன்று அள்ளாமல் நின்றேன். வாழைக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

"நல்ல தண்ணிதானா, பாத்துச் சொல்லுங்க."

வந்து, கரையையும் மணலையும் வெகுநேரம் பார்த்தார். "அள்ளலாங்க ஆத்தா" என்றார்.

"வெயில்ல நிக்கிறீங்க. மொதல்ல நீங்க குடிங்க" என்று கொட்டாங்கச்சியை நீட்டினேன்.

அவர் அதை வாங்கினார். குனிந்து, எங்கள் ஊற்றில் அள்ளிக் குடித்தார். அதே கொட்டாங்கச்சியால் நான் குடத்தை நிரப்பினேன்.