முப்பத்தொரு கணினிகளும் ஒரு பெயரும்

மரிய செல்வத்தின் வேலையைப் பறித்தது நான்தான். வைரஸ் அல்ல, மேலாளர் அல்ல, அலுவலகம் புதிதாக வாங்கிய பாதுகாப்பு மென்பொருளும் அல்ல. நான்! இத்தனை வருடங்களில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே இருப்பதிலும் ஒரு களைப்பு உண்டு... அது தாங்காமல்தான் உங்களிடம் வருகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் பக்கம், ஐந்து மாடி அலுவலகம் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே அசெட் ரிஜிஸ்டர் என் பொறுப்பு. எந்தக் கணினி எந்த மாடியில், யார் கைவசம் இருக்கிறது என்பதையெல்லாம் கணினியிலேயே ஒரு பட்டியலாக வைத்திருந்தேன். அலுப்பான வேலை. ஆனாலும் “கோமதியோட லிஸ்ட்ல இருந்தா சரியாத்தான் இருக்கும்” என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் மயக்கம் இருந்தது என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மரிய செல்வம் ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தினமும் குழித்துறையிலிருந்து ரயிலேறி வருவார். பழுதான கணினியைத் தூக்கிக்கொண்டு போவதும், சரியானதும் கொண்டுவந்து வைப்பதும் அவர் வேலை. ஒவ்வொரு முறையும் வாசலில் கேட் பாஸில் கையெழுத்துப் போடுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை மேடம் என்பார். எத்தனை தடவை சொல்லியும் அந்த மேடத்தை விடமாட்டார்.

அந்த வருடம் நெட்வொர்க்குக்குக் காவலாக ஒரு மென்பொருள் வாங்கினார்கள். ஏதாவது ஒரு கணினி தவறாக நடந்தால் அது உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் கணினியின் எண் மட்டும்தான். அது யாருடையது என்று அதற்குச் சொல்ல என் பட்டியல் வேண்டும். இரண்டையும் இணைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இணைத்துப் பார்த்தேன். முப்பத்தொரு கணினிகளை ஏற்க மாட்டேன் என்றது. காரணம், என் பட்டியலில் அவற்றுக்குப் பொறுப்பாளர் பெயரே இல்லை! என் லட்சணம் அவ்வளவுதான்... ஆட்கள் இடம் மாறியதையும் வேலையை விட்டுப் போனதையும் நான் பல மாதமாகக் குறிக்கவே இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் இணைப்பு நடக்காது.

செய்ய வேண்டியது எளிது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஐந்து மாடியும் ஏறியிறங்கி, “இது யாரோடது?” என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும். நான் ஏறவில்லை. ஏன்? கேட்டால் என் பட்டியல் ஓட்டை என்று ஐந்து மாடிக்கும் தெரிந்துவிடுமே! மேஜைமேல் கேட் பாஸ் கட்டு கிடந்தது. தாளுக்குத் தாள் ஒரே கையெழுத்து. முப்பத்தொரு கட்டத்திலும் ‘மரிய செல்வம்’ என்று நிரப்பினேன். தற்காலிகமாகத்தான்... செவ்வாய்க்கிழமை மாற்றிவிடலாம் என்றுதான்.

திங்கட்கிழமை எல்லாம் அழகாக நடந்தது. கை தட்டினார்கள். செவ்வாய் வந்தது, போனது. அடுத்த செவ்வாயும் போனது. கைதட்டு வாங்கிய பட்டியலைத் திருத்த யாருக்குத்தான் மனம் வரும்?

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்துக்குள் ஒரு வைரஸ் பரவி அரைநாள் வேலை நின்றது. மூன்றாம் மாடிக் கூட்ட அறைக் கணினியில் யாரோ செருகிய பென் டிரைவிலிருந்து வந்திருக்க வேண்டும். யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் காவல் மென்பொருள் தன் கடமையைச் செய்தது. கணினியின் எண், இடம், பொறுப்பாளர்: மரிய செல்வம். அது மட்டுமா! அதே பெயரில் இன்னும் முப்பது கணினிகள் இருப்பதையும் பட்டியலிட்டு நீட்டியது.

மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு ஒப்பந்த ஆள் பேரில் இத்தனை கணினிகளா, எதற்காகப் பதுக்கினாய் என்று மலையாளத்தில் கேட்டார். செல்வம் அண்ணாச்சி அச்செடுத்த தாளைக் கையில் வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார்.

“இம்புட்டும் எனக்க பேருலயா சாரே? நான் கொண்டுபோயி வச்சது உண்டு. ஆனா...”

பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மெமோ. கொஞ்சம் சிரிப்பு. அவ்வளவுதானே! நான் அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேடம் எழுதினதுன்னா சரியாத்தான் இருக்கும் சாரே” என்றார் அவர். “நான்தான் எங்கயோ பாக்காம ஒப்பு போட்டிருப்பேன்.”

“சிஸ்டம் கள்ளம் பறயுமோ?” என்றார் மேலாளர் என்னிடம். கணினி பொய் சொல்லுமா என்று கேட்கிறார். நான் இல்லை என்று தலையசைத்தேன். உண்மைதானே... கணினி எங்கே பொய் சொன்னது? நான் சொன்னதை அது திருப்பிச் சொன்னது.

ஒப்பந்த ஆளுக்கு விசாரணை கிடையாது. அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை தாளை எடுத்துக்கொண்டு ஐந்து மாடியும் ஏறினேன். முப்பத்தொரு கணினிக்கும் ஆள் கண்டுபிடித்து எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? இரண்டரை மணி நேரம்! ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தை யார், எப்போது நிரப்பினார் என்பதும் பதிவாகும். முப்பத்தொரு இடத்திலும் என் பெயர் இருந்தது. யாராவது திறந்து பார்ப்பார்கள் என்று வருடக்கணக்கில் பயந்தேன். பிறகு, யாராவது பார்த்துத் தொலைத்தால் நல்லது என்றும் நினைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. பழைய சர்வரைக் கழித்துக்கட்டியபோது அதுவும் போயிற்று.

நாலைந்து வருடம் கழித்துத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். ஒரு துணிக்கடை வாசலில் காவலாளியாக நின்றிருந்தார். தொப்பி கொஞ்சம் பெரிது. ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்புவதற்குள், “மேடம்!” என்று ஓடி வந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். மகள் நர்ஸிங் சேர்ந்ததைச் சொன்னார். நானும் ஏதேதோ கேட்டேன். இதோ சொல்லிவிடலாம், இதோ... என்று மனம் அடித்துக்கொண்டது.

அவர் முந்திக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார்.

“அன்னைக்கே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன் மேடம். எனக்க கவனக்கொறவால உங்க லிஸ்டுக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். மனசுல வச்சுக்கிடாதீங்க. இப்பவும் அத நெனச்சா எனக்கு உறக்கம் வராது, கேட்டியளா.”

சொன்னேனா என்றுதானே கேட்கிறீர்கள்? சொன்னேன்.

“சாரமில்ல அண்ணாச்சி. விடுங்க. நான் அப்பவே மறந்துட்டேன்” என்றேன்.

அவர் முகம் எப்படித் தெளிந்தது தெரியுமா...! கும்பிட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, கடை வாசலுக்குத் திரும்பிப் போனார்.